படிவத்தை நிரப்பியது யார்? மருத்துவக் காப்பீட்டு முகவரின் பொறுப்பு பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 3,600 ரூபாய் மிச்சம்; பாலிசி வைத்திருப்போருக்கு நல்ல செய்திதான். இதன் மறுபக்கம் செய்திகளில் அதிகம் வரவில்லை. முகவரின் கமிஷனுக்கு உரிய ஜிஎஸ்டியை முகவர் கட்டுவதில்லை. காப்பீட்டு நிறுவனமே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கட்டிவிட்டு, பிரீமியத்தில் வசூலித்த வரியில் அதைக் கழித்துக்கொள்ளும். பிரீமியத்துக்கு வரியே இல்லை என்றானதும் கழிக்க இடமில்லாமல் போயிற்று. பல நிறுவனங்கள் அந்தச் சுமையைக் கமிஷனுக்குள்ளேயே அடக்கிவிட்டன. 15 சதவீதக் கணக்கில் 3,000 ரூபாய் வந்த இடத்தில் இப்போது சுமார் 2,540 ரூபாய்.

முகவர்களான நாங்கள் இந்த 460 ரூபாய்க்காக எழுதவில்லை. 2023 முதல் இத்துறையில் சீர்திருத்தங்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. பெரும்பாலானவை பாலிசிதாரர் பக்கம் சாய்ந்தவை, வரவேற்கிறோம். ஆனால் வாடிக்கையாளர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு முகவரின் வேலை என்ன என்பதை இவற்றில் எதுவும் தெளிவாகச் சொல்லவில்லை. விற்றால் கமிஷன், புதுப்பித்தால் கமிஷன். கிளைம் நேரத்தில் இரவு 11 மணிக்குப் போனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வருமானம் ஒன்றுதான். புதிய உரிமைகள் பல குடும்பங்களுக்குக் காகிதத்தோடு நின்றுபோவதற்கு இந்த ஓட்டை ஒரு பெரிய காரணம்.

2024 மே 29 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரில் இருந்தே தொடங்கலாம். கேஷ்லெஸ் (நோயாளி கட்டாமல் நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் தருவது) கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கோரிக்கை வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்தில் இறுதி ஒப்புதல் 3 மணி நேரத்துக்குள் வர வேண்டும்; தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அதை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். படிக்க அருமையாக இருக்கிறது. நடப்பில் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். டாக்டர் ரவுண்ட்ஸில் ‘இன்று வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லும் நேரம் கணக்கில் வராது. பார்மசிக்கு மருந்து திருப்பிக் கொடுத்து, லேப் பாக்கி பார்த்து, டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி, இறுதி பில் நிறுவனத்துக்கோ, அதற்காகக் கிளைம்களைக் கவனிக்கும் டிபிஏவுக்கோ போய்ச் சேரும் நொடியில்தான் அந்த 3 மணி நேரம் ஆரம்பிக்கிறது. காலை 10 மணிக்கு டிஸ்சார்ஜ் என்று கேட்ட குடும்பம் மாலை 5 மணிக்கு ‘எங்கே அந்த 3 மணி நேரம்?’ என்று நிறுவனத்தைத் திட்டும். பில் போனதே 3 மணிக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. விவரம் தெரிந்த முகவர் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கேட்கும் முதல் கேள்வி ‘இறுதி பில் எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்?’ என்பதுதான். நிறுவனத்திலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸில் கோரிக்கை கிடைத்த நேரம் இருக்கும். கூடுதல் அறை வாடகையை நிறுவனத்திடம் கேட்க அந்த எஸ்எம்எஸ் ஒன்றே ஆதாரம், அழித்துவிடக் கூடாது.

அட்மிஷன் நேரத்து ஒரு மணி நேரமும் அப்படியே. கோரிக்கை அரைகுறையாகப் போனால் நிறுவனம் மறுக்காது, ‘குவெரி’ போடும். கேள்வி போட்டதும் அவர்கள் பொறுப்பு அந்த அளவில் முடிந்தது. பதில் வரும்வரை கோப்பு நகராது. டெஸ்க்கில் ஷிப்ட் மாறியிருக்கும், கேள்வி வந்ததே குடும்பத்துக்குத் தெரியாது. வழக்கமாக வரும் கேள்விகள் சிலவே. இந்த நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்று சிகிச்சை தரும் டாக்டரின் கடிதம். முதன்முதலில் பார்த்த டாக்டரின் சீட்டு. உள்நோயாளியாகச் சேர்க்க என்ன அவசியம் என்ற விளக்கம். விபத்தென்றால் எம்எல்சி (ஆஸ்பத்திரியின் மருத்துவ-சட்டப் பதிவு) அல்லது எஃப்ஐஆர் நகல், நோயாளி குடித்திருந்தாரா என்ற குறிப்பு. கல் அடைப்பு என்றால் ஸ்கேன் ரிப்போர்ட். ஸ்டென்ட், கண் லென்ஸ், மூட்டு வைத்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு 2, 3 நாள் முன்பே இவற்றைச் சேர்த்து அனுப்பினால் குவெரி வருவதே குறையும். அவசர அட்மிஷன் என்றால் பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். ஆஸ்பத்திரி டெஸ்க் ஊழியருக்கு நாள் ஒன்றுக்கு எத்தனையோ கோப்பு. உங்களுடையது அதில் ஒன்று. ஒரு கோப்புக்காகத் துரத்த ஒருவர் வேண்டும். ஆப் இதைச் செய்யாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் பரிசோதனைக்காக மட்டும் படுத்தால் கிளைம் கிடைக்காது. ‘இரண்டு நாள் அட்மிட் ஆனால் எம்ஆர்ஐ இன்ஷூரன்ஸில் வந்துவிடும்’ என்று சொல்லி அனுப்பும் முகவர்களும் இருக்கிறார்கள், சில டெஸ்க் ஊழியர்களும் இருக்கிறார்கள். ஊசி மருந்தோ செயல்முறையோ இல்லாத கேஸ் ஷீட்டைப் பார்த்ததும் நிறுவனத்து டாக்டருக்குப் புரிந்துவிடும்.

கிளைமின் தலையெழுத்து பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் எழுதப்படுவதில்லை. பாலிசி எடுத்த அன்று, ப்ரொபோசல் படிவம் எனும் விண்ணப்பத்தின் ஆரோக்கியக் கேள்விகளில் எழுதப்பட்டுவிடுகிறது. இதில் எங்கள் தொழிலின் பழைய பாவம் ஒன்று உண்டு, மறைக்காமல் சொல்கிறோம். ‘சுகர் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு வாடிக்கையாளர் ‘மாத்திரை போடுகிறேன்’ என்பார். முகவர் ‘அதையெல்லாம் போட்டால் பாலிசி வராதுங்க, நாலு வருஷம் ஆகிட்டா ஒன்றும் கேட்க மாட்டாங்க’ என்று ‘இல்லை’யில் டிக் போடுவார். அன்று அது அவருக்கு உதவியாகவும் தோன்றும், விற்பனையும் முடியும். மூன்றாம் ஆண்டில் பித்தப்பைக் கல்லுக்குப் படுக்கும்போது ட்யூட்டி டாக்டர் கேட்பார், மனைவி பக்கத்தில் நின்று ‘பத்து வருஷமா சுகர் இருக்கு டாக்டர்’ என்று சரியாகச் சொல்வார். கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. கல்லுக்கும் சுகருக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடலாம். ஆனால் கிளைமையும் மறுத்து, பாலிசியையும் ரத்து செய்கிற கடிதம் அதற்குள் வந்திருக்கும்.

2024 ஏப்ரல் 1 முதலான விதிகள் இந்தப் பொய்க்கான தேவையையே பெருமளவு குறைத்துவிட்டன. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் (பாலிசி எடுத்தபின் அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத காலம்) உச்சவரம்பு 48 மாதத்திலிருந்து 36 மாதமாயிற்று. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, தகவலை மறைத்தார் என்று சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டு. 65 வயதுக்கு மேல் பல பாலிசிகளில் புதிதாகச் சேர முடியாது என்ற நிலை மாறி, நிறுவனங்கள் எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் ஆயிற்று. ஆக, சுகரை உண்மையாகச் சொன்னவர் அதிகம் போனால் 36 மாதம் சுகர் தொடர்பான சிகிச்சைக்கு மட்டும் காத்திருக்கிறார். எல்லோருக்கும் உள்ள வழக்கமான காத்திருப்புகள் போக, மற்ற நோய்களுக்கு அவர் பாலிசி உயிரோடு இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டினால் அந்தக் காத்திருப்பைக் குறைக்கிற பாலிசிகளும் சந்தையில் உள்ளன. மறைத்தவரோ 60 மாதம் கத்தியின் மேல் நடக்கிறார். ‘ஐந்து வருடம் தாண்டினால் போதுமே’ என்று இப்போது புதுக்கணக்குப் போடும் முகவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். 60 மாதத்துக்குப் பிறகும் மோசடி என்ற கதவு திறந்தே இருக்கிறது. தெரிந்தே பொய் எழுதிய படிவம் எந்தப் பக்கம் விழும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஒரு நுணுக்கம். ‘முன்பே உள்ள நோய்’ என்பதற்கு விதியில் உள்ள வரையறை, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்தில் கண்டறியப்பட்டதோ சிகிச்சை பெற்றதோ ஆகும். ஆனால் படிவத்தில் ‘எப்போதாவது இருந்ததா’ என்றும் கேள்வி இருக்கும். கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுத வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய ஆஞ்சியோவை வரையறையைக் காட்டி விட்டுவிடக் கூடாது.

படிவத்தை இப்போது யாரும் பேனாவால் நிரப்புவதில்லை. முகவரின் போனில் பத்து நிமிடத்தில் முடிகிறது. வாடிக்கையாளருக்கு ஓடிபி வருகிறது, சொல்கிறார், சம்மதம் ஆகிவிட்டது. என்ன கேள்விக்கு என்ன பதிலுக்குச் சம்மதித்தோம் என்று அவர் பார்க்கவே இல்லை. இன்னும் மோசம், செல்போன் எண் இருக்கும் இடத்தில் முகவர் தன் எண்ணையே போட்டுவிடுவது. ‘நீங்களே பார்த்துக்கோங்கண்ணே, எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று வாடிக்கையாளர் சொல்வதும் இதற்கு ஒரு காரணம். பிறகு புதுப்பிக்கச் சொல்லும் எஸ்எம்எஸ், விதிமுறை மாற்றம், கிளைம் குவெரி எல்லாம் முகவருக்குப் போகின்றன. அவர் வேலையை விட்டாலோ ஊர் மாறினாலோ பாலிசி சத்தமில்லாமல் காலாவதியாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பாலிசிக்குக் கெடு தாண்டி 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருப்புக் காலக் கணக்கு அறுபடாது. ஆனால் அந்த இடைவெளியில் படுத்தால் காப்பீடு இல்லை. 30 நாளும் தாண்டிவிட்டால் புதுப்பிக்கும் உரிமையும், சேர்த்துவைத்த காத்திருப்புக் கணக்கும், போனஸும் கையைவிட்டுப் போகும்.

அறை வாடகை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலிசி வைத்திருப்போர் முகவரோடு அதிகம் சண்டை போடுவது இதில்தான். 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறை வாடகை 1 சதவீதம் என்றிருந்தால் நாளுக்கு 3,000 ரூபாய். நோயாளி 6,000 ரூபாய் அறையில் 4 நாள் இருக்கிறார். வாடகை 24,000. டாக்டர், அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 80,000. மருந்து, உள்ளே வைத்த கருவி, பரிசோதனைகள் 60,000. மொத்தம் 1,64,000. ‘12,000 ரூபாய்தானே கூடுதல், அதை நாம் கட்டிக்கொள்ளலாம்’ என்று குடும்பம் நினைக்கும். அறை வாடகை வரம்பைப் போல இரு மடங்கு என்பதால் அந்த 80,000 ரூபாயும் பாதியாகும். கிடைப்பது 12,000, 40,000, 60,000 சேர்த்து 1,12,000. கையிலிருந்து 52,000. மருந்து, உள்வைக்கும் கருவி, பரிசோதனை மூன்றிலும் இப்படி விகிதத்தில் வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறை வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் வெட்டக் கூடாது. செட்டில்மென்ட் தாளில் 60,000 ரூபாயிலும் பாதியை வெட்டியிருந்தால் அது கேட்டு வாங்க வேண்டிய பணம். இந்த வரியைப் படித்துப் பார்க்கிற பழக்கம் எத்தனை முகவருக்கு இருக்கிறது என்று கேட்டால், எங்கள் பதில் பெருமைப்படும்படி இருக்காது. அட்மிஷன் அன்றே ‘மூவாயிரத்துக்குள் அறை எடுங்கள்’ என்று ஒரு போன் செய்திருந்தால் இத்தனை கணக்கும் வேண்டியதில்லை. கையுறை, பெட்ஷீட் போன்ற மருத்துவம் சாரா செலவுகளும் தனியே கழியும். அதற்கென்று தனி ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பீடு) எடுத்திருந்தால் ஒழிய, அது வாடிக்கையாளர் கணக்கு.

அடுத்தது போர்ட்டிங். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும், பழைய காப்பீட்டுத் தொகையும் போனஸும் சேர்ந்த அளவுக்கு மட்டும். 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால் கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். புதுப்பிக்கும் தேதிக்கு 60 முதல் 45 நாள் முன்பு விண்ணப்பிப்பது பாதுகாப்பு. பழைய நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் விவரங்களைத் தர வேண்டும், புதிய நிறுவனம் 5 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 சர்க்குலர். புதிய நிறுவனம் மறுக்கலாம். அந்த உரிமை அதற்கு உண்டு. கடைசி வாரத்தில் ஓடி வந்து, போர்ட்டிங் நேரமில்லை என்று புதிய பாலிசியாகவே போட்டுக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் கொடுமை. பெயர் ஒன்று, பிரீமியம் ஏறக்குறைய ஒன்று; வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. நாலு வருடம் கழித்த காத்திருப்பு பூச்சியம் ஆகிவிட்டது என்பது கண்புரை அறுவைச் சிகிச்சையின்போதுதான் தெரியும். புதிய பாலிசித் தாளில் ‘போர்ட்’ என்ற குறிப்பும், முதல் பாலிசி தொடங்கிய தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் தாள் கிடைத்து 30 நாளுக்குள் ஃப்ரீ லுக் உரிமையில் திருப்பிவிடலாம். ஆனால் அதற்குள் பழைய பாலிசி முடிந்திருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் முகவர் எதற்கு, எல்லாம் இணையத்திலேயே கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பீமா சுகம் என்ற பொதுச் சந்தைத் தளத்துக்கான விதிகள் 2024ல் வந்தன. அது முழுமையாக இயங்கும்போது ஒப்பிட்டு வாங்குவது எளிதாகும். முகவரால் அப்படி ஒப்பிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆயுள், ஒரு பொது, ஒரு தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்றுதான் ஒருவர் முகவராக இருக்கலாம். சட்டப்படி முகவர் நிறுவனத்தின் ஆள். வாடிக்கையாளரின் ஆள் உரிமம் பெற்ற காப்பீட்டு புரோக்கர்தான். ‘எல்லாக் கம்பெனியும் பார்த்தேன், இதுதான் பெஸ்ட்’ என்று ஒரு முகவர் சொன்னால், அவர் பார்க்கக்கூடிய கம்பெனிகளே இரண்டு என்று நினைவில் வையுங்கள். கமிஷனில் பாதி தருகிறேன் என்று சொன்னால் அது 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி குற்றம்; 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு, வாங்குபவரும் அதற்குள் வருவார்.

பணத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். 2023 ஏப்ரல் வரை தனிநபர் மருத்துவ பாலிசிக்குக் கமிஷன் உச்சவரம்பு 15 சதவீதம். பிறகு அந்த வரம்பு எடுக்கப்பட்டு, நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவுக்கு வரம்பு வந்தது: பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு மொத்த பிரீமியத்தில் 30 சதவீதம், தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 35 சதவீதம். இதற்குள் யாருக்கு எவ்வளவு என்பதை நிறுவனத்தின் இயக்குநர் குழு முடிவு செய்யும். புதிய பாலிசிக்குக் கூடுதல், இலக்கை எட்டினால் போட்டிப் பரிசு, வெளிநாட்டுப் பயணம். எல்லாம் விற்பனையைச் சுற்றி. கேஷ்லெஸ் கோப்பைச் சரியாகத் தயாரித்துக் கொடுத்ததற்காக ஒரு முகவருக்குப் பரிசு கொடுத்த நிறுவனத்தை நாங்கள் கண்டதில்லை. பயிற்சியும் அப்படித்தான். 25 மணி நேரப் பயிற்சி, ஐசி-38 தேர்வு, 35 சதவீதம் எடுத்தால் உரிமம். அதில் சட்டம், பாலிசி வகை, விற்பனை எல்லாம் உண்டு. ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து, இதில் கிளைமைத் தடுக்கும் வரி எது என்று கேட்கும் பாடம் இல்லை.

அரசுத் திட்டங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே முகவருக்கு வேலையே கிடையாது. அந்த வெற்றிடத்தில் புரோக்கர் என்ற பெயரில் ஆட்கள் நுழைந்துவிடுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு. ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குக் குடும்பத்தினர் நேரே போனால் போதும். ‘கார்டு வாங்கித் தருகிறேன், இரண்டாயிரம் கொடுங்கள்’ என்று எவர் கேட்டாலும் அவர் முகவர் அல்ல, ஏமாற்றுக்காரர். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு உதவி தேவைப்படுகிறது: இந்தச் சிகிச்சை திட்டப் பட்டியலில் இருக்கிறதா, இந்த ஆஸ்பத்திரி இந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றதா, அட்மிட் ஆகும் முன்பே கார்டைக் காட்டினார்களா? பணம் கட்டி அட்மிட் ஆகிவிட்டு இரண்டு நாள் கழித்துக் கார்டை நீட்டினால் சிரமம்தான். மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தபோதும் இதே குழப்பம். தனியார் பாலிசி வைத்திருப்பவரும் இதில் சேரலாம். ‘அரசு கார்டு வந்துவிட்டது, பாலிசியை நிறுத்திவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். 70 வயதில் விட்ட பாலிசியைத் திரும்ப எடுக்கும்போது காத்திருப்புக் காலம் முதலிலிருந்து.

ஆகவே ஆணையத்துக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கை, கமிஷனைக் கூட்டுங்கள் என்பதல்ல. இப்போது கொடுக்கும் தொகையையே பிரித்துக் கொடுங்கள். முதல் ஆண்டின் பெரிய தொகையைக் குறைத்து, ஒவ்வொரு ஆண்டும் சமமாக வரும்படி செய்யுங்கள்; அதில் ஒரு பங்கை, கிளைம் நேரத்தில் முகவர் உதவினார் என்று பாலிசிதாரரே எஸ்எம்எஸ்ஸில் உறுதி செய்த பிறகு விடுவியுங்கள். வருமானம் அதில் இருந்தால் முகவர் படிவத்திலேயே உண்மையை எழுதுவார். பொய் எழுதிய படிவம் நாளை அவருடைய பணத்தையும் சேர்த்து முடக்கும். படிவத்தில் நிரப்பியவரின் பெயரும் உரிம எண்ணும் தனிக் கட்டமாக வரட்டும். ஆரோக்கியக் கேள்விகள் தமிழில் வாடிக்கையாளரின் போனுக்கே போய், ஒவ்வொன்றுக்கும் அவரே தொட்டுப் பதில் சொன்ன பிறகே ஓடிபி வரட்டும். வாடிக்கையாளர் தகவல் தாளை உள்ளூர் மொழியில் கேட்டால் தர வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு என்பதால் தருபவர்களும் குறைவு. கேட்காமலே தர வேண்டும் என்று மாற்றினால் என்ன குறைந்துவிடும்?

இப்போதுள்ள முகவர்களில் சிலர் இதை எதிர்ப்பார்கள். விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது, போகட்டும்.

அதுவரைக்கும் பாலிசிதாரர்கள் தாங்களே செய்துகொள்ளக் கூடியது இது. பாலிசியோடு ப்ரொபோசல் படிவத்தின் நகலும் வந்திருக்கும். பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பின் கடைசிப் பக்கங்களில். சுகர், பிரஷர், பழைய ஆபரேஷன் பற்றிய பதில்களைப் பாருங்கள். தவறு இருந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு இப்போதே எழுதுங்கள். முகவரிடம் சொல்லிவிட்டால் போதாது. பிரீமியம் கூடலாம், சில நோய்களுக்குக் காத்திருப்பு வரலாம். நிறுவனம் பாலிசியை ஏற்க முடியாது என்று சொல்லும் அபாயமும் இருக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரிவதைவிட இன்று தெரிவது மேல். செல்போன் எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பிரீமியத்தைக் காசோலையாகவோ யுபிஐயாகவோ நிறுவனத்தின் பெயருக்கே செலுத்துங்கள். பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேராதவரை காப்பீடு தொடங்குவதில்லை. முகவர் தன் கணக்கில் வாங்கிவைத்து நாலு நாள் கழித்துக் கட்டினால் அந்த நாலு நாளும் நீங்கள் வெறுங்கையோடு இருக்கிறீர்கள். ரொக்கமாகக் கட்டினால் 80டி வருமான வரிச் சலுகையும் இல்லை.

கிளைம் மறுக்கப்பட்டால் அந்தக் கடிதத்தில் எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பதும் 2024 விதி. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான பிரச்சினையை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போய்விட வேண்டும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். இந்தப் புகாரில் முகவர் உங்களுக்காகக் கையெழுத்திட முடியாது. ஆனால் கோப்பைத் தேதி வரிசையில் அடுக்கித் தரலாம்: ப்ரொபோசல் நகல், எல்லா ஆண்டின் பாலிசித் தாள்கள், முன் அனுமதிக் கோரிக்கையும் பதிலும், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மறுப்புக் கடிதம், நீங்கள் அனுப்பிய புகார், அதற்கு வந்த பதில். உங்கள் முகவர் இதைச் செய்து தருவாரா என்று அடுத்த புதுப்பித்தலுக்கு முன் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் காப்பீட்டு முகவர்கள் சிலர்,
மதுரை.